சுழன்றும் கிளம்பாத எண்ணெய் இஞ்சின்

ஆரணி என்றதும் பட்டுச் சேலையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் அந்நகரைச் சூழ்ந்த கிராமங்களின் வாழ்வு தறியோடு நெல்லையும் நம்பியுள்ளது. ஜவ்வாது மலையில் தோன்றி ஆரணி வழியே செல்லும் கமண்டல நாகநதியில் மழைக்காலத்தைத் தவிர ஏனைய மாதங்களில் பெரும்பாலும் மணலே காணப்படும். ஆகையால் ஏரியில் நீர் வற்றியபின் பயிரைக் காப்பது கிணறே.

அக்கிணற்று நீரை முற்காலத்தில் மாடு பூட்டிய கவலையும், ஆள் மிதித்த ஏற்றமும் இறைத்து வந்தன. சென்னை ராஜதானியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பொறியியல் வல்லுநர், எண்ணெய் இஞ்சினால் நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். நெசவாளரிடையே விசைநாடாத் தறியைப் பரப்ப உழைத்தவரும் அவரே. தறியும் கிணறும் அருகருகே உள்ள ஆரணி போன்ற ஊரில் இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பது பொருத்தமாகும். பின்னர் மின்சாரப் பம்புகள் பெருகின. எனினும் மின்இணைப்புக் கிடைக்காத கிணறுகளிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும், கால்வாயிலிருந்தும் குட்டையிலிருந்தும் நீர் ஏற்றுவதற்கும் எண்ணெய் இஞ்சின் இன்றும் பயன்பட்டு வருகிறது.

நெல் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் நிற்கிறது. வயல் வெடிக்கத் தொடங்கிவிட்டது. பல மாதங்கள் சும்மா கிடந்த இஞ்சினைக் குடியானவர் சுற்றுகிறார். சக்கரம் நன்றாகச் சுழல்கிறது. இஞ்சின் மட்டும் கிளம்பவில்லை. கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் நீர் தவறினால் மணி பிடிக்காமல் பதராகும் என்பதை யாவரும் அறிவர். அப்பதற்றத்தில் கையில் அகப்பட்ட மரைகளையெல்லாம் கழற்றுவதே பலருடைய வழக்கம். ஒரு சிறு குறையோடு இருந்த இஞ்சின் மாலைக்குள் பல குறைகளோடு நிற்பதற்கு இதுவே காரணம். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுப்பதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிந்துவிட்டு நெசவைத் தொடர்கிறார். இஞ்சினிடத்தும் அம்முறையே வேண்டும்.

இஞ்சினுக்கு வேண்டுவன மூன்று

டீசல் இஞ்சினில் பொறி தோற்றுவிக்கும் கருவி இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினாறில் அல்லது பதினேழில் ஒரு பங்காக அழுத்துகிறது. ஓடும் இஞ்சினில் அக்காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும். அத்தருணத்தில் நாசில் வழியே பனிபோல் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ருடால்ப் டீசல் செவ்வையாக ஓட்டிக் காட்டிய இஞ்சினின் அடிப்படை இதுவேயாகும். கடற்கரையில் படகை ஓட்டும் டீசல் இஞ்சினுக்கும் இதுவே விதி.

ஆகவே காற்று, எண்ணெய், அழுத்தம் ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் கூடினால் இஞ்சின் கிளம்பியே தீரும். இறுகிப் பிடிக்காமல் சுழல்கிறது என்றால் அதன் பெரும்பாகங்கள் நலமாகவே உள்ளன என்று கொள்ளலாம். குறை பெரும்பாலும் எண்ணெய் வரும் வழியிலேயே இருக்கும்.

புகை சொல்லும் செய்தி

கருவி எதையும் எடுக்குமுன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். சுற்றும்போது புகையே வரவில்லை எனில் எண்ணெய் உருளைக்குள் செல்லவில்லை. வெண்புகை வந்தும் கிளம்பவில்லை எனில் எண்ணெய் செல்கிறது, ஆனால் எரியவில்லை. அழுத்தக் குறைவோ, எண்ணெயில் நீர்க் கலப்போ, தூவும் நேரத்தின் பிழையோ காரணமாகலாம். ஓரிரு முறை வெடித்துக் கரும்புகை கக்கி நின்றுவிட்டால் காற்று போதவில்லை, அல்லது சுமை மிகுதி என்று அறியலாம். இவ்வொரு சோதனையே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

சோதிக்க வேண்டிய ஒழுங்கு

எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, இஞ்சினைச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

முதலாவது, நிறுத்தும் நெம்புகோல் நிறுத்திய நிலையிலேயே இருக்கிறதா என்று காண்க. கவர்னரோடு இணைந்த எண்ணெய்ப் பம்பின் தண்டு துருவேறிச் சிக்கியிருப்பினும் எண்ணெய் செல்லாது. அது விரலால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும்.

இரண்டாவது, காற்று வழி. சும்மா கிடந்த இஞ்சினின் காற்றுக் குழாயிலும் புகைக்குழாயிலும் குளவி மண்கூடு கட்டுவதும், எலி வைக்கோலைத் திணிப்பதும் கிராமங்களில் சாதாரணம். காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டி, புகைக்குழாயின் வாயையும் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்த் தொட்டி. தொட்டியில் டீசல் உண்டா, திருகு திறந்துள்ளதா என்பதோடு, மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அத்துளை அடைபட்டால் நிறைந்த தொட்டியிலிருந்தும் எண்ணெய் இறங்காது. அரைத்தொட்டியாகப் பல நாள் விட்ட டீசலில் இரவுக் குளிரால் நீர் திரண்டு அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது பிடித்தால் நீர் கீழே பிரிந்து தெரியும். தூய டீசல் வரும்வரை வடித்துவிட வேண்டும்.

நான்காவது, குழாயில் புகுந்த காற்று. தொட்டி ஒருமுறை முற்றிலும் காலியாகிவிட்டாலோ, வடிகட்டி மாற்றப்பட்டாலோ குழாய்களில் காற்று புகுந்துவிடும். காற்றுக்குச் சுருங்கும் இயல்பு உண்டாகையால், பம்பு எவ்வளவு தள்ளினும் நாசில் திறவாது. முதலில் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழிந்த பின் முடுக்குக. அடுத்து எண்ணெய்ப் பம்பின் காற்றுத் திருகிலும் அவ்வாறே செய்க. இறுதியாக நாசிலுக்குச் செல்லும் கனத்த குழாயின் மரையைச் சிறிது தளர்த்தி இஞ்சினைச் சுற்றினால் அங்கும் காற்று வெளியேறி எண்ணெய் கசியும். அப்போது இறுக்கிவிட வேண்டும். இவ்வொழுங்கு மாறினால் காற்று மீண்டும் உள்ளே தங்கும்.

ஐந்தாவது, நாசில். காற்று நீங்கியபின் டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு சுற்றினால், ஒவ்வொரு முறை எண்ணெய் தூவப்படும்போதும் நாசிலிலிருந்து கிறீச்சிடும் சிற்றொலி கேட்கும். அவ்வொலி எண்ணெய் தூவப்படுகிறது என்பதற்கு நல்ல அடையாளம். ஒலி இல்லையெனில் நாசில் அடைபட்டோ தேய்ந்தோ இருக்கலாம். அதைக் கழற்றித் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நலம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிக் கெடும்.

ஆறாவது, அழுத்தம். நெம்புகோலைக் கீழிறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் வலுவாக எதிர்த்து, விட்டதும் பின்னோக்கித் துள்ள வேண்டும். எதிர்ப்பின்றி எளிதில் திரும்பிவிட்டால் காற்று எங்கோ கசிகிறது. சீறல் ஒலி காற்றுக் குழாயில் கேட்டால் உள்வாங்கும் வால்விலும், புகைக்குழாயில் கேட்டால் புகை வால்விலும் குறை. மசகெண்ணெய் அறையின் மூச்சுக் குழாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. குளிர்விக்கும் நீரில் குமிழி எழுந்தால் உருளைத் தலையின் அடையில் பழுது. வால்வின் தட்டு இடைவெளி அற்றுப்போனாலும் வால்வு சரியாக மூடாது. இஞ்சினோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் கண்ட அளவுக்கு அதை அமைக்க வேண்டும்.

ஏழாவது, தூவும் நேரம். எண்ணெய்ப் பம்பையோ பற்சக்கரங்களையோ கழற்றிப் பூட்டியிருந்தாலன்றி இது மாறுவது அரிது. ஆகையால் இதனை இறுதியாகவே ஐயுற வேண்டும். திருத்துவதும் கைதேர்ந்தவர் வேலையாகும்.

கிளப்பும் முறையிலுள்ள பிழை

இஞ்சினில் குறையே இல்லாமல் சுற்றும் முறையால் கிளம்பாதிருப்பதும் உண்டு. நெம்புகோலைத் தூக்கி, சக்கரம் போதிய வேகம் பெறும்வரை சுற்றிய பின்னரே அதை இறக்க வேண்டும். வேகம் பெறுமுன் இறக்கினால் காற்று மெல்ல அழுத்தப்பட்டு அதன் வெப்பம் உருளைச் சுவரில் அடங்கிவிடும். மார்கழி விடியலில் மசகெண்ணெய் தடித்திருப்பதால் வேகம் இன்னும் குறையும். அப்போது குளிர்விக்கும் தொட்டியில் வெந்நீர் ஊற்றிச் சிறிது பொறுத்துச் சுற்றினால் பயன் கிடைக்கும். பட்டை பூட்டிய பம்பாயின் கிளம்பும்வரை பட்டையைக் கழற்றி வைத்தல் நன்று.

பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை

தூக்கிச் செல்லத்தக்க சிறு பம்புகளிற் சில பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவன. அவற்றில் பொறிக்கட்டை உண்டு. சுற்றியபின் அதைக் கழற்றிப் பார்த்தால் நனைந்திருப்பின் எண்ணெய் வருகிறது, பொறியில் குறை. உலர்ந்திருப்பின் எண்ணெயே வரவில்லை. கரி படிந்திருந்தால் துடைத்து இடைவெளியைச் சரிசெய்க. மற்றொரு காரணமும் உண்டு. முதல் நாள் மண்ணெண்ணெயிலேயே ஓடவிட்டு நிறுத்தினால், மறுநாள் குளிர்ந்த இஞ்சினில் கார்புரேட்டர் நிறைய மண்ணெண்ணெயே தங்கியிருக்கும். அது ஆவியாகாது, பற்றாது. நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துவதே இதற்குப் பரிகாரம்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

நாசிலின் முன் கையை நீட்டலாகாது. அதிலிருந்து எண்ணெய் சதுர அங்குலத்திற்கு 1000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அது தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சுற்றுப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்க. பிடி பின்னடித்தால் விரல் முறியாமல் தப்பும். கிளம்பவில்லையென்று காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றுவது இஞ்சினுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து கிணற்றினுள் இருக்கிறது. நீர் கீழே இறங்கியபோது இஞ்சினையும் கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்து ஓட்டுவோர் உண்டு. அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உள்ளது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றில் தேங்கினால், இஞ்சினைப் பார்க்க இறங்குபவர் அறியாமலே மயங்கி விழுவார். காக்க இறங்குபவரும் விழுவார். கிணற்றுக்குள் இஞ்சினை ஓட்டாதிருப்பதே நேரிய வழி. ஒருவர் மயங்கினால் மற்றவர் உள்ளே குதியாமல், தீயணைப்புப் படையினரை உடனே அழைக்க வேண்டும். இச்செய்தியைக் கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் கோடைக்கு முன்பே ஊரில் பரப்புவார்களாயின் உயிர்கள் காக்கப்படும்.

வருமுன் காத்தல்

பயன்படாத மாதங்களிலும் இஞ்சினைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கிளப்பிச் சிறிது நேரம் ஓட்டுவது நன்று. தொட்டியை நிறைத்து வைத்தால் நீர் திரள்வது குறையும். டீசலைத் துணியில் வடித்து ஊற்றுவதும், இரு குழாய் வாய்களையும் மூடி வைப்பதும் செலவில்லாத வேலைகள். வடிகட்டி மாற்றிய நாள், மசகெண்ணெய் மாற்றிய நாள், நேர்ந்த குறை, அதற்குச் செய்த பரிகாரம் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து இஞ்சின் கொட்டகையிலேயே வைத்தால் அடுத்த முறை தேடும் நேரம் மிஞ்சும்.

மேற்கூறிய ஒழுங்கில் பார்த்தும் குறை புலப்படாவிடில், கழற்றிய அனைத்தையும் பூட்டிவிட்டுத் தேர்ந்தவரை அழைப்பதே சிக்கனம். எவையெவை சோதிக்கப்பட்டன என்று அவரிடம் சொல்ல முடிந்தால் அவர் வேலையும் விரைவில் முடியும். அதுவரை அண்டை நிலத்தாரிடம் இரவல் இஞ்சின் பெற்று ஒரு தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும். இஞ்சின் இரண்டு நாள் பொறுக்கும்; பூக்கும் நெல் பொறுக்காது.