இறாலும் டாலரும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்க டாலரின் விலை முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, பழவேற்காட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ பொருளாதாரந்தான படிக்கிற? டாலரு ஏறிப்போச்சுன்னு டி.வி.யில சொல்றான். எறா வாங்குற வெள்ளக்காரன் டாலர்லதான காசு குடுக்குறான்? அப்ப எறா வெல ஏறணுமில்ல? ஏன் எறங்கிக் கெடக்குது?"

நாணயத்தின் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதியாளர் பயனடைவர் என்று மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆயினும் சித்தப்பாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நூலகத்தில் தேடியும், நம் துறைப் பேராசிரியர்களைத் தொல்லைப்படுத்தியும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஏரியைப் பற்றிச் சில சொற்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது; தென்கோடிதான் நம்முடையது. ஆரணியாறு கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் வெள்ளை இறால் வளர்கிறது. சுத்து வலையில் பிடிப்பவர்கள் உண்டு. இடுப்பளவு நீரில் கையால் தடவிப் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்ளும் பெண்களும் உண்டு. கரைக்கு வந்ததும் வியாபாரி தரம் பிரிக்கிறார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதே கணக்கு. அதைக் 'கவுண்டு' என்பார்கள். பிறகு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று எங்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

இன்று இந்தியாவிலிருந்து அமெரிக்கா செல்லும் இறால் பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்க்கப்படும் 'வெனாமி' இறால். எங்கள் ஏரி இறால் அன்று. 2019இல், கடலாமை தப்பிச் செல்லும் கருவி நம் இழுவலைகளில் இல்லை என்று கூறி, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதையே அமெரிக்கா நிறுத்தியது. அப்படியானால் அமெரிக்க வரிக்கும் எங்கள் குப்பத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு சந்தையில் இருக்கிறது. அமெரிக்கா வாங்காத குளத்து இறால் கரைந்து போய்விடுவதில்லை. அது வேறு நாடுகளுக்கும் சென்னைச் சந்தைக்கும் திரும்புகிறது. ஏரி இறாலும் அங்கேதான் விலைபோக வேண்டும். வாங்குபவனுக்கு இரண்டும் இறால்தான். ருசி தெரிந்தவர்கள் வேறு சொல்லலாம். ஏலத்தில் ருசிக்கு மதிப்பெண் இல்லை.

இனி வரிக்கு வருவோம். 2003 டிசம்பர் 31 அன்று அமெரிக்கத் தென்கரை இறால் பிடிப்போர் ஒரு மனு கொடுத்தனர். இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, பிரேசில், எக்குவடார் ஆகிய ஆறு நாடுகளும் நியாயமற்ற மலிவு விலையில் தங்கள் நாட்டில் இறாலைக் கொண்டுவந்து குவிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. வகுப்பில் 'டம்பிங்' என்கிறோமே, அதுதான். அந்த மனு வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 2001இல் அமெரிக்காவில் பொருளாதார மந்தம். மருந்து எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பா ஆசிய இறாலைக் கடுமையாகச் சோதித்துத் திருப்பியதால், அந்தச் சரக்கில் ஒரு பகுதியும் அமெரிக்காவை நோக்கித் திரும்பியது. அங்கே இறால் விலை சரிந்தது. லூசியானாவிலும் டெக்சாசிலும் சொந்தப் படகு வைத்துப் பிழைப்பவர்களுக்கு எண்ணெய்ச் செலவுகூடத் தேறவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய வரி விதிக்க இரண்டு கேள்விகளுக்கு 'ஆம்' என்ற விடை வேண்டும். வெளிநாட்டான் நியாயமற்ற விலைக்கு விற்றானா, அல்லது அரசின் மானியம் பெற்றானா என்பது முதற்கேள்வி. அதை அவர்கள் வணிகத்துறை ஆராயும். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்கு ஊறு நேர்ந்ததா என்பது இரண்டாம் கேள்வி. அதைப் பன்னாட்டு வணிக ஆணையம் என்னும் தனி அமைப்பு ஆராயும். இந்த இரண்டாம் கேள்விதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. நாம் என்ன செய்தோம் என்பது மட்டும் அன்று, அவர்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதும் வரியை முடிவு செய்கிறது. மந்த காலத்தில் வலி மிகுதி. ஆகவே மனுவும் மிகுதி, வெற்றியும் மிகுதி.

2005 பிப்ரவரி 1இல் ஆணை வெளிவந்தது. தனியே விகிதம் குறிக்கப்படாத இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு 10.17 விழுக்காடு வரி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கி ஆறு வாரங்கள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. நான் பிறக்காத காலம் அது. படகும் வலையும் போனதைப் பற்றி வீட்டார் இன்றும் பேசுவார்கள். அதே நேரத்தில் கடலுக்கு அப்பால் ஒரு வரியும் வந்தது என்பதை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். பேரலையால் பாதிக்கப்பட்ட இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் வரியை நீக்கலாமா என்று அமெரிக்க ஆணையம் தனியே ஆராயத்தான் செய்தது. 2005 நவம்பரில், நீக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது.

வரி மட்டுமானால் தாங்கியிருக்கலாம். இறால் இறக்குமதியாளர் மேல் சுங்கத்துறை ஒரு பிணைத்தொகையையும் சுமத்தியது. முந்தைய ஆண்டு இறக்குமதி செய்த சரக்கின் மதிப்பை வரி விகிதத்தால் பெருக்கி, அந்தத் தொகைக்குப் பிணை கொடுக்க வேண்டும். வரியைக் கட்டிய பிறகும் பணம் முடங்கிக் கிடக்கும். பெரிய நிறுவனம் சமாளிக்கும். சிறியவன் கடையைக் கட்டுவான். இந்தியா உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. 2008இல் இந்தியாவுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. இன்னொரு வேடிக்கை: வசூலான வரிப்பணத்தை மனுக்கொடுத்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கும் சட்டம் ஒன்றும் அன்று அமெரிக்காவில் இருந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகள் வழக்காடி வென்ற பின்னர், 2006இல்தான் அதை நீக்கினார்கள். அதற்கு முன் வந்த சரக்குக்கான பணம் பங்கிடப்பட்டுக்கொண்டே இருந்தது.

நிற்க. நாணயத்தின் பங்கு யாது? 2007இல் ரூபாய் வலுத்து, டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதே சரக்குக்கு அதே டாலர் வந்தாலும் கையில் விழும் ரூபாய் குறைந்தது. மேலே வரி, பிணை வேறு. அப்போது ஏற்றுமதியாளர் அழுதது நியாயம். அப்படியானால் ரூபாய் விழும்போது சிரிக்க வேண்டும் அல்லவா? ரூபாய் விழுந்தால் நம் சரக்கு அவர்களுக்கு மலிவாகும். மலிவானால் அவர்களுடைய உற்பத்தியாளன் முறையிடுவான், வரி வரும். பாடநூல் முதற்பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

ஆனால் ரூபாய் விழுந்தும் வரி வராத ஒரு காலமும் உண்டு. 2012 டிசம்பரில் அமெரிக்க இறால் தொழிலினர் மீண்டும் மனுக்கொடுத்தனர். இம்முறை அரசு மானியம் என்ற குற்றச்சாட்டு. 2013 ஆகஸ்டில் அவர்கள் வணிகத்துறை இந்திய இறாலுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் மானியம் கிடைப்பதாகக் கணக்கிட்டது. அதே மாதத்தில் ரூபாய் படுவீழ்ச்சி கண்டது. மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்டு இறுதியில் 68 ரூபாயைக் கடந்தது. மானியமும் உண்டு, மலிந்த நாணயமும் உண்டு. வரி வந்தே தீரும் என்றுதான் எவரும் நினைப்பர். செப்டம்பரில் ஆணையம் 'ஊறு இல்லை' என்று வாக்களித்தது, வரி விதிக்கப்படவில்லை!

காரணம், சீனா, வியட்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளின் குளங்களில் இளம் இறால்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும் நோய் பரவியிருந்தது. தாய்லாந்தின் உற்பத்தி பெரிதும் சரிந்து, உலகெங்கும் இறால் விலை ஏறியிருந்தது. லூசியானாக்காரனுக்கும் நல்ல விலை. வலி இல்லாதவனின் முறையீடு எடுபடவில்லை என்றே நான் கொள்கிறேன். 2005ஐயும் 2013ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாங்கும் நாட்டில் தொழில் நொடிந்திருக்கிறதா என்பதே முதற்காரணம், நாணயம் துணைக்காரணம் என்பது தெளிவாகும்.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குணம் அன்று. 1930இல் உலகப் பெருமந்தத்தின்போது அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் சுங்கவரியை உயர்த்தியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இந்தியா செய்ததை அவ்வளவாகப் படிப்பதில்லை. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டது. யென் வேகமாகச் சரிந்தது. ஜப்பானியத் துணி இந்தியச் சந்தையில் மலிந்தது. பம்பாய் ஆலைகள் கூக்குரலிட்டன. பிரிட்டிஷ் இந்திய அரசு அந்நியத் துணிமீதான வரியை 1932 ஆகஸ்டில் 50 விழுக்காடாகவும், 1933 ஜூனில் 75 விழுக்காடாகவும் உயர்த்தியது. பிரிட்டிஷ் துணிக்கு மட்டும் குறைந்த வரி, எஜமானர் துணியல்லவா! ஜப்பான் பதிலுக்கு இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தது. இங்கே அழுதவன் ஆலை முதலாளியல்லன், பருத்தி விவசாயி. 1934இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் வரி மீண்டும் 50க்கு இறங்கியது. அக்காலத்தில் நாணயத்தை விடாமல் தங்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாடுகளே வரியை அதிகம் நாடின என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஐக்கன்கிரீனும் இர்வினும் காட்டியுள்ளனர். நாணயத்தை இறக்க முடியாதவன் சுவரை ஏற்றுகிறான்.

எங்கள் ஊருக்கே இதில் பழைய சொந்தம் உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணி வாணிகத்துக்காகத்தான். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் ஐரோப்பாவில் பரவியபோது, வெள்ளியெல்லாம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று இங்கிலாந்தில் கூச்சல் எழுந்தது. போராலும் நாணயக் குழப்பத்தாலும் அந்நாடு தவித்த 1690களில் நெசவாளர் கலகம் செய்தனர். 1700இலும் 1721இலும் சட்டமியற்றி இந்தியத் துணியைத் தடுத்தார்கள்.

இப்போது சித்தப்பாவின் கேள்வி. 2024 இறுதியில், விலை மீண்டும் தாழ்ந்திருந்த வேளையில், இந்திய இறாலுக்கு 5.77 விழுக்காடு மானிய எதிர்வரி வந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்குப் பொதுவாக 25 விழுக்காடும், அம்மாத இறுதியில் மேலும் 25 விழுக்காடும் அமெரிக்கா விதித்தது. பழைய வரிகள் அப்படியே இருக்க, அப்போது இது 50 ஆனது.

கணக்குக்காக ஒரு பவுண்டு இறாலுக்கு வரி உள்பட 4 டாலருக்கு மேல் தர அமெரிக்க வியாபாரி மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரியே இல்லாமல் டாலர் 85 ரூபாயாக இருந்தால் நமக்கு 340 ரூபாய். டாலர் 90 ஆனால் 360. இருபது ரூபாய் லாபம். இதுதான் சித்தப்பா எதிர்பார்த்தது. ஆனால் 50 விழுக்காடு வரி இருந்தால் 4 டாலரில் நமக்கு வருவது 2 டாலர் 67 காசு. 90 ரூபாய் வீதம் 240 ரூபாய். ரூபாய் விழுந்து கொடுத்தது 20. வரி எடுத்துக்கொண்டது 120. நடைமுறையில் வரிச்சுமையில் ஒரு பங்கை அமெரிக்கர் ஏற்பார். முழுதும் நம் தலையில் விழாது. இருந்தாலும் ஆறு விழுக்காட்டு ஏணியால் ஐம்பது விழுக்காட்டுச் சுவரை ஏற முடியாது. எஞ்சியதிலும் ஏற்றுமதியாளர் தம் பங்கைக் கழிப்பார், குளிர்பதன ஆலை கழிக்கும், முன்பணம் கொடுத்த வியாபாரி கழிப்பார். வரிசையின் கடைசியில் இருப்பவரிடம் பேரம் பேச எதுவுமில்லை. டாலர் ஏறினால் எண்ணெயும் எஞ்சின் உதிரிப் பாகமும் வாங்கும் செலவு வேறு ஏறும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலி போடுவது எங்களுக்கும் தெரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் சுத்து வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாட்டில் உரிமை இல்லாதவன் அங்கே வலை போட முடியாது. உள்ளே இருப்பவனுக்கு அது பஞ்சம் தாங்கும் ஏற்பாடு; வெளியே நிற்பவனுக்கு அது சுவர். முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் குறையும் ஆண்டுகளில் இந்தச் சண்டை எப்படி இருக்கும் என்று லூசியானாக்காரனுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாட்டுக் கதை வந்தபோது மட்டும் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு கேட்டார்: "முதல் இருபத்தஞ்சு சரி. ரெண்டாவது இருபத்தஞ்சு எதுக்கும்மா?"

அது இறாலுக்காக அல்ல, மந்தத்துக்காகவும் அல்ல, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காகப் போட்டது என்றேன்.

"எந்த எண்ண? நம்ம போட்டுக்கு ஊத்துறோமே, அதுவா?"

அதிலும் கலந்திருக்கலாம் என்றேன்.