கவலை போக்கும் குட்டை மரங்கள்

அணுசக்தி நகர்க் குடும்பங்களுக்கு ஒரு தேதி எப்போதும் நினைவில் இருக்கும். பணியிலிருந்து ஓய்வு பெறும் தேதி அது. 60 வயதில் வேலை முடிகிறது. அடுத்த சில மாதங்களில் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். பல்லாண்டு பழகிய அண்டை வீட்டாரும், நிழல் தந்த மரங்களும், டிராம்பே குன்றும் அயலாகிவிடுகின்றன. அப்போது மனம் சோர்வது இயற்கையே.

இத்தகையோருக்கு ஏற்ற பொழுதுபோக்கு போன்சாய். தரையில் நட்ட மரத்தைக் கொண்டுபோக முடியாது. தொட்டியில் வளர்த்த மரமோ செம்பூருக்கும் வரும், சொந்த ஊருக்கும் வரும். அதைப் பழகுவதற்கு ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; பணியில் இருக்கும்போதே தொடங்கிவிடலாம்.

ஹிரோஷிமா மரம்

சீனாவில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் யமாகி குடும்பத்தாரின் தோட்டம் இருந்தது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவந்த பைன் மரம் ஒன்று மதிற்சுவரின் மறைவில் இருந்ததால் தப்பியது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டான 1976-ஐ ஒட்டி, அந்தக் குடும்பம் குண்டு போட்ட நாட்டுக்கே அதை நட்புப் பரிசாக அளித்தது. அந்த மரத்தின் கதை 2001-ல் பேரன்மார் வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பிறகே அங்குள்ளோருக்குத் தெரிந்தது.

மனதுக்கு என்ன பயன்?

குட்டை மரத்தை அவசரப்படுத்த முடியாது. தினமும் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் கவனம் இலையிலும் கிளையிலும் நிற்கிறது. நாளைக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது என்ற எண்ணமே ஓய்வு பெற்றவருக்குப் பெரிய தெம்பு.

மரங்களைப் பார்ப்பதே நல்லது என்கிறது ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட நோயாளிகள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

வளர்ப்பது எப்படி?

மும்பையில் கன்றுக்குச் செலவே இல்லை. கட்டடச் சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்று போதும். அடியில் துளையுள்ள ஆழமில்லாத தொட்டியில் செங்கல் தூள், செம்மண், மக்கிய உரம் கலந்து நடலாம். வெயில் படும் பால்கனியே அதற்கு இடம். கிளையை வளைக்கச் சுற்றும் அலுமினியக் கம்பியை, பட்டையில் அழுந்துமுன் கழற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் சமயம் வேரைக் கத்தரித்து மண்ணை மாற்ற வேண்டும். அடைமழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பட்டினி போட்டுத்தான் மரத்தைக் குட்டையாக்குகிறார்கள் என்பது தவறு. உரமும் நீரும் உண்டு, அளவுதான் முக்கியம்.

ஆனால் போன்சாய் மருந்தாகாது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.