கொலுப் படியும் பரங்கிக்காய் விளக்கும்

அக்டோபர் மாதத்தின் கடைசி இரவில் அமெரிக்க நாட்டுச் சிறுவர் சிறுமியர் விதவிதமான வேஷம் பூண்டு, வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கிறார்கள். அந்தப் பண்டிகைக்கு ஹாலோவீன் என்று பெயர். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறிவிட்டமையால், அன்றைய படங்கள் நம் கைப்பேசிகளுக்கும் வந்து சேருகின்றன. பேரன் எலும்புக்கூடு வரைந்த சட்டை அணிந்து நிற்கிறான். பேத்தி சூனியக்காரியின் கூர்த்தொப்பி தரித்துச் சிரிக்கிறாள். பார்க்கும் பெரியோருள் சிலர், “நல்ல நாளும் கிழமையுமாக இது என்ன பேய்க் கோலம்!” என்று முகம் சுளிக்கிறார்கள்.

முகம் சுளிக்க நமக்கு நியாயம் உண்டா என்று சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். வேஷம் புனைந்து, கையில் கிண்ணம் ஏந்தி, அயலார் வீட்டு வாசலில் நின்று தின்பண்டம் பெற்ற குழந்தைகள் அல்லவா நாமும்? அவர்களுக்கு ஓர் இரவு. நமக்கு ஒன்பது இரவுகள். அவர்களுக்கு மிட்டாய், நமக்குச் சுண்டல். இரண்டுக்கும் உள்ள உறவையும், இரண்டும் நம் கண்முன் மாறிவரும் விதத்தையும் பற்றி இங்கே சிறிது பேசுவோம்.

எங்கள் ஸ்ரீவராகம்

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குத் தெற்கே, வராகமூர்த்தியின் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் ஒட்டி அமைந்த பகுதி ஸ்ரீவராகம். கோயில் ஊழியம், அரண்மனை உத்தியோகம், சமையல், சங்கீதம், ஆசிரியத் தொழில் என்று பல காரணங்களால் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்நகரில் வந்து தங்கின. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அன்று முதல் பக்கத்து ஊர் உறவினர் வேறு மாநிலத்தாராயினர். நாம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, வெளி மாநிலத் தமிழர் ஆனோம்.

ஆயினும் நவராத்திரி வந்துவிட்டால் அந்த எல்லைக்கோடு மறைந்துவிடும். மகாளய அமாவாசை கழிந்தவுடன் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கும். தகரப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கிப் படி கட்டி, அதன்மேல் வெள்ளை வேஷ்டி விரிப்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படைக் கணக்கு. மேற்படியில் கலசமும் மரப்பாச்சி இணையும். கீழ்ப்படியில் அரிசி பருப்புக் கடை பரப்பிய செட்டியார் தம்பதி. தரையில் முளைத்த கேழ்வரகு வயலாகும். முகம் பார்க்கும் கண்ணாடி தெப்பக்குளமாகும். அந்தப் பொம்மைகளுட் பல, கொல்லம் செங்கோட்டை ரயில் பாதை வழியாக, பாட்டிமாரின் பழம்புடைவைகளில் சுற்றப்பட்டு மலை கடந்து வந்தவை. கை உடைந்த கிருஷ்ணனையும் எறிய மனம் வராது. உடைந்த கை சுவர்ப்பக்கம் திரும்புமாறு நிறுத்திவைப்பார்கள்.

பாடினால்தான் சுண்டல்

மாலை விளக்கேற்றியதும் குழந்தைகளின் படை புறப்படும். குங்குமச் சிமிழோடு ஒரு சிறுமி முன்னே நடப்பாள். மயிற்பீலி சூடிய கண்ணன், பக்கக்கொண்டையிட்ட ஆண்டாள், பாசிமணி அணிந்த குறத்தி, கரியால் மீசை வரைந்து தலைப்பாகை கட்டிய பாரதியார் எனப் பின்னே ஓர் ஊர்வலம். “மாமி, எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வாங்கோ!” என்று அழைப்பது வெளிக்காரணம். அந்த வீட்டில் இன்று கடலையா, பயறா, பட்டாணியா என்று அறிவதே உட்காரணம். வெள்ளிக்கிழமையன்று வெல்லப் புட்டுச் செய்யும் வீடுகளின் பட்டியல் எங்களுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் சுண்டல் எளிதில் கிட்டாது. “ஒரு பாட்டுப் பாடு, பார்க்கலாம்” என்பார்கள். பாட்டு வராதவன் சுலோகம் சொல்லவேண்டும். சுலோகமும் வராதவன் பள்ளியில் கற்ற மலையாளப் பத்தியை ஒப்பித்துத் தப்பித்துக்கொள்வான். அதற்கும் சுண்டல் உண்டு. பெரியோர் கூடிய இடத்தில் வாய் திறந்து நிற்கும் தைரியத்தை நம்மிற் பலர் பெற்றது அந்தக் கூடங்களில்தான்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஹாலோவீனுக்கு வேஷமிட்டு வரும் குழந்தைகளுக்கும் இதே விதி இருந்தது. பாட்டோ, கவிதையோ, வேடிக்கையோ செய்து காட்டினால்தான் ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் கிடைக்கும். ‘தருகிறாயா, அல்லது குறும்பு செய்யட்டுமா’ என்று மிரட்டும் வழக்கம் பின்னர் வட அமெரிக்காவில் எழுந்தது. கானடா நாட்டில் 1920-களிலேயே அது காணப்படுகிறது.

கடல் கடந்த விளக்கு

ஹாலோவீன் என்பது நவம்பர் முதல் நாளாகிய புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்னிரவு. மறுநாள், நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் நாள். நம் கத்தோலிக்க நண்பர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவது அன்றுதான். நாமும் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டே கொலுவைத் தொடங்குகிறோம். கார்காலம் மாறும் பருவத்தில் இறந்தோரை நினைப்பதும், உடனே குழந்தைகளைக் கொண்டாடுவதும் மனித இனத்துக்குப் பொதுவான குணம் போலும்.

அயர்லாந்து நாட்டார் அந்த இரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். 1845 முதல் உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்நாட்டை வாட்டியபோது பெருந்திரளானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அங்கே பரங்கிக்காய் மலிவு, கிழங்கினும் பெரிது, குடைவதற்கும் எளிது. டர்னிப் விளக்கு பரங்கிக்காய் விளக்காயிற்று. பிழைக்கப் போனவர்கள் பண்டிகையைக் கைவிடவில்லை. போன நிலத்தில் விளைந்ததைக் கொண்டு அதைச் செய்துகொண்டார்கள்.

நாமும் அப்படியே செய்தோம். கொலு தமிழ்நாட்டு வழக்கம். பூஜைவைப்பு மலையாள நாட்டு வழக்கம். அஷ்டமி மாலையில் புத்தகங்களைக் கலைமகள் முன்னே அடுக்கிவிட்டால், விஜயதசமி காலைவரை எழுத்தைத் தொடக்கூடாது. குழந்தைக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது? பள்ளியின் மலையாளப் பாடநூலும் பாட்டி வாங்கித் தந்த தமிழ் அரிச்சுவடியும் ஒரே பீடத்தில், ஒரே பட்டின்மேல் இருந்தன. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதப் பழகிய நம் பிள்ளைகள் பலர் இரு மொழியிலும் எழுதினார்கள்.

மண்டபத்தின் வெளியே

கிழக்குக்கோட்டைக்கு அருகேயுள்ள நவராத்திரி மண்டபத்தைக் கூறாமல் இந்நகரின் நவராத்திரியைக் கூற முடியாது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். சரஸ்வதி கம்பர் வழிபட்ட மூர்த்தம் என்பது ஐதிகம். 1956-க்குப் பிறகு இந்த ஊர்வலம் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கிறது. இரு மாநிலத்து அதிகாரிகளும் காவலரும் மரியாதை செய்கிறார்கள். ஸ்வாதித் திருநாள் மகாராஜா நவராத்திரிக்கென இயற்றிய ஒன்பது கீர்த்தனங்கள், சங்கராபரணம் தொடங்கி ஆரபி ஈறாக, நாளுக்கொன்றாக மண்டபத்தில் பாடப்படுகின்றன.

ஆனால் எங்கள் தெருவில் வீடுதோறும் பாடிச் சுண்டல் பெற்ற சிறுமிகளுக்கு அம்மண்டபத்தில் இடமில்லை. பாடவும் இடமில்லை, சபையில் அமர்ந்து கேட்கவும் இடமில்லை. உடன் பாடிய சிறுவன் தந்தையின் கைபற்றி உள்ளே செல்வான். அவனைவிட நன்றாகப் பாடிய தமக்கை வீட்டில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பாள். 2006-ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் மாறிற்று. 1924-இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள், எண்பது வயதைக் கடந்தபின், அம்மண்டபத்தில் முதன்முதல் பாடிய பெண்மணியானார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2021-இல் காலமானார். பழையன கழிவதை எண்ணி வருந்தும் நாம், கழிந்ததனால் நன்மை விளைந்த இவ்வொன்றையும் எண்ணவேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தெருக்கோடியிலிருந்து வந்த எல்லாக் குழந்தைகளும் கூடம்வரை அழைக்கப்படவில்லை. சிலருக்குத் திண்ணையிலேயே பொட்டலம் நீட்டப்பட்டது. அவர்களைப் பாடு என்று எவரும் கேட்கவில்லை. சுண்டல் ஒன்றேயாயினும் அது இரு விதமாக வழங்கப்பட்டது என்பதைக் குழந்தைகள் அறிந்திருந்தார்கள். அக்காலத்தின் இனிமையைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

மூடிய கதவுகள்

இன்று கொலு குறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. பொம்மைகள் இணையத்தின் வழியே வீடு தேடி வருகின்றன. சந்திரயானும் கொலுப் படியில் ஏறியிருக்கிறது. அழகுக்குக் குறைவில்லை. குறைந்திருப்பது வாசலில் கேட்கும் காலடி ஓசை. பழைய வீடுகள் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுந்துள்ளன. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். உள்ளூரில் இருக்கும் குழந்தைக்கோ தனிப்பயிற்சி வகுப்பு. அழைப்பு கைப்பேசியில் வருகிறது: ‘சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை’. குறித்த நேரத்தில் வந்து, படம் எடுத்து, பையில் பரிசுப்பொருள் பெற்றுத் திரும்புகிறோம். ஏழு படி கட்டிய முதிய தம்பதியர் ஒரு படி சுண்டலை வேகவைத்து, விற்காத கடைக்காரர்போல் இரவு ஒன்பது மணிவரை காத்திருக்கும் வீடுகளும் உண்டு.

ஹாலோவீனுக்கும் இதே கதி நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942 முதல் சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததால் அது சற்று ஒடுங்கியது. போருக்குப் பின் பெருகியது. 1950-இல் குழந்தைகள் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்காக வீடு வீடாகக் காசு திரட்டவும் தொடங்கினர். பின்னர் அச்சம் புகுந்தது. மிட்டாயில் எவரோ நஞ்சு வைக்கிறார்கள் என்ற பேச்சுப் பரவவே, வீட்டில் செய்த பண்டங்களைப் பெற்றோர் ஒதுக்கினர். ஆலையில் பொதிந்த மிட்டாயே நிலைத்தது. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியலறிஞர் பல்லாண்டுச் செய்திகளை ஆராய்ந்தார். இவ்வாறு வாசலில் முன்பின் அறியாதவர் கொடுத்த பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடும் தீங்குற்றதாகவோ உறுதியான சான்று அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அச்சத்துக்குச் சான்று எதற்கு? இன்று பல ஊர்களில் மைதானத்தில் மோட்டார் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து வைத்து, அங்கேயே மிட்டாய் வழங்கிவிடுகிறார்கள். வீட்டு வாசல் தப்பித்துக்கொண்டது. நம் அடுக்ககப் பொதுக்கூடத்துக் கொலுவும் ஏறத்தாழ அதுவே.

ஆகவே, பேரக்குழந்தையின் பேய் வேஷத்தைக் கண்டு கவலையுறவேண்டியதில்லை. அறியாத வீட்டுக் கதவைத் தட்டலாம், உள்ளே இருப்பவர் சிரித்த முகத்தோடு திறப்பார் என்ற நம்பிக்கையை அந்தக் குழந்தை அங்கே கற்கிறது. அந்த நம்பிக்கையை நாம் சுண்டலின் மூலம் கற்றோம். கவலைப்படவேண்டியது, தட்டுவாரில்லாத கதவுகளைப் பற்றித்தான். குடிபெயர்ந்து வாழ்வோருக்கு அண்டை வீடே உறவு. அதை இழந்தால், ஒன்பது படியும் வெறும் அலமாரியே.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் நவராத்திரியில் ஒரு மாலையேனும் குழந்தைகளைக் கூட்டாகத் தெருவில் நடத்தி, முன்பின் பழகாத மூன்று வீடுகளுக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். கொலு வைக்காத மலையாள நண்பரையும், கிறிஸ்தவ, முஸ்லிம் அண்டை வீட்டாரையும் அழையுங்கள். எந்தத் தெரு, எந்தக் குலம் என்று கேளாமல் எல்லாக் குழந்தையையும் கூடத்தில் அமர்த்துங்கள். எந்த மொழியிலாயினும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். கடல் கடந்து வாழும் நம் மக்கள், அக்டோபர் முடிவில் கதவைத் தட்டும் அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு மிட்டாயோடு தங்கள் வீட்டுப் பொம்மைகளையும் காட்டலாம். அதற்கென்று கொலுவைச் சில நாள் தள்ளிக் கலைத்தாலும் கலைமகள் கோபிக்கமாட்டாள். படி மூன்று இருந்தால் போதும். கதவு திறந்திருக்கட்டும்.