ஒரு கிலோ இறாலின் முழுக் கணக்கு

கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இறக்கும் இறால், அரூர் முதலிய இடங்களிலுள்ள ஆலைகளில் தலையும் ஓடும் நீக்கப்பெற்று, உறையவைக்கப்பெற்று, வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஆலையை நடத்தும் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் மின்செலவும் தண்ணீர்ச் செலவும் குறைந்தன என்று எழுதுமாயின், அது மெய்யாகவே இருக்கலாம். எனினும் ஆலை வாயிலுக்கு உட்பட்ட மெய் அது.

இழுவலையால் பிடிக்கும் இறாலில், சுற்றுச்சூழல் சுமையின் பெரும்பகுதி பொதுவாகப் படகு எரிக்கும் டீசலிலேயே அடங்கியுள்ளது. அதன்பின் பனிக்கட்டி, குளிர்பதனம், கப்பற்பயணம், உண்பவர் வீட்டுக் குப்பை ஆகியவை வருகின்றன. இவை யாவற்றையும் சேர்த்து எண்ணுவதே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. 1969-இல் கோக்கக்கோலா நிறுவனம் தன் பானக் கலன்களை ஒப்பிட ஏற்பாடு செய்த ஆய்வு இதன் முன்னோடி. இன்று ஐஎஸ்ஓ 14040, 14044 தரங்கள் இதற்கு விதி வகுக்கின்றன.

வணிகவியல் பயின்றோர்க்கு இதன் சிக்கல் புதிதன்று. கூட்டுப் பொருள்களின் அடக்கவிலையைப் பங்கிடும் பழைய கணக்கே இது. ஓர் எடுத்துக்காட்டாக, 120 லிட்டர் டீசல் செலவில் 100 கிலோ இறாலும் 200 கிலோ மலிவான மீனும் கிடைத்தன எனக் கொள்வோம். எடைப்படி பங்கிட்டால் இறாலின் பங்கு 40 லிட்டர். இறால் கிலோ 300 ரூபாய், மீன் 50 ரூபாய் என்று மதிப்பின்படி பங்கிட்டாலோ 90 லிட்டர்! படகு ஒன்று, பயணம் ஒன்று. ஆயினும் விடை இருமடங்குக்கும் மேல் மாறுகிறது. எம்முறை கையாளப்பட்டது என்று கூறாத அறிக்கையை நாம் ஐயத்துடனேயே படிக்கிறோம்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்பும் நிலைத்தன்மையும் குறித்த அறிக்கை அளிக்க வேண்டுமெனச் செபி விதித்தது. அவ்வறிக்கைப் படிவத்தில் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு பற்றிய கேள்வியும் உண்டு. ஆனால் அதற்கு விடையளிப்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. இவ்விடத்தில் செபி சற்றுக் கண்டிப்பாக இருந்திருக்கலாம் என்பது நம் கருத்து.

வாயிலுக்கு அப்பால் நிகழ்வது ஏட்டளவில் நிற்பதில்லை. இழுவலைகளில் கடலாமை தப்பும் கருவி முறையாகப் பொருத்தப்படுவதில்லை என்று கூறி, இந்தியக் கடலில் பிடித்த இறாலின் இறக்குமதியை அமெரிக்கா 2019-இல் தடுத்தது. கொச்சியிலேயே உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அக்கருவியை முன்னரே வடிவமைத்திருந்தது. வலையில் விடுபட்ட ஒரு சட்டகம், ஆலையின் விற்றுவரவைத் தாக்கிவிட்டது.

பங்கு வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் இத்தகைய அறிக்கையில், கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த அளவைக்கு, எவ்வாறு பங்கிடப்பட்டது என்பவற்றை முதலில் தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் இவை பின்பக்கத்து அடிக்குறிப்புகளில் இருக்கும்.