முக்கால் மில்லி மீட்டரில் உயிர்!

தோட்டாவுக்குள் குண்டு எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும்?

சேலம், நாமக்கல் சமவெளியில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை, கல்வராயன் மலை என்று வரிசையாக நிற்கின்றன.

மலை அடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் விளைகின்றன. இரவில் காட்டுப்பன்றிகள் இறங்கி வரும். விடிவதற்குள் வயலைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். பாடுபட்டவன் காலையில் வந்து தலையில் கை வைத்து உட்காருவான்.

ஆகவே, இந்தப் பக்கத்து மக்களுக்கு நாட்டுத்துப்பாக்கி புதிய சங்கதி அல்ல. தாத்தா காலத்துத் துப்பாக்கி பற்றிய கதை பல வீடுகளில் உண்டு. குழல் வெடித்துக் கை போனவரின் கதையும் அதோடு சேர்ந்தே வரும்.

குழல் ஏன் வெடிக்கிறது?

அந்தரத்தில் நின்ற குண்டு

நாட்டுத்துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போடுவார்கள். பிறகு குண்டையோ ரவையையோ போட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள்.

குண்டு மருந்தின்மேல் நன்றாக உட்கார்ந்திருக்கவேண்டும். பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டால் ஆபத்து. நடுவில் வெற்றிடம் இருக்கும். மருந்து தீப்பிடித்ததும் புகை வேகமாகப் பாய்ந்து, நின்றுகொண்டிருக்கும் குண்டின்மேல் மோதும். அந்த இடத்தில் குழல் வீங்கும். சில வேளை பிளந்துவிடும்.

இதற்காகப் பழக்கப்பட்டவர்கள் கம்பியில் இரண்டு கோடு போட்டு வைப்பார்கள். காலிக் குழலுக்கு ஒரு கோடு. சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஒரு கோடு. கெட்டித்த பிறகு இரண்டாவது கோடு குழல் வாய்க்கு மேலே நின்றால், குண்டு அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

நாட்டுத்துப்பாக்கியின் பாடம் இது: குண்டு மேலே நின்றால் ஆபத்து.

கைத்துப்பாக்கியின் பாடம் இதற்கு நேர் எதிர்!

தோட்டாவின் நான்கு பாகம்

கைத்துப்பாக்கித் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. ஒன்று, பித்தளைக் கூடு. இரண்டு, கூட்டின் அடியில் இருக்கும் கேப். மூன்று, கூட்டுக்குள் இருக்கும் மருந்து. நான்கு, கூட்டின் வாயில் செருகிய குண்டு.

துப்பாக்கியின் ஊசி கேப்பைக் குத்தும். பொறி பறக்கும். மருந்து எரிந்து புகையாக மாறும். அந்தப் புகை குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

இந்த மருந்து கரிமருந்து அல்ல. புகை குறைந்த புதுவகை மருந்து. நீலகிரியில் அரவங்காடு என்ற ஊரில் 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இவ்வகை மருந்துக்குப் பெயர் பெற்றது.

புதுவகை மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும்.

குண்டைக் கூட்டுக்குள் அதிக ஆழம் அழுத்திவிட்டால் என்ன ஆகும்? மருந்து எரிய வேண்டிய இடம் சுருங்கிவிடும். சிறிய இடத்தில் அதே மருந்து எரியும்போது அழுத்தம் மளமளவென்று ஏறும். கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடு மிகச் சிறியது. ஆகவே, அங்கே மயிரிழை வித்தியாசமும் பெரிய வித்தியாசம்.

28 ஆயிரம், 62 ஆயிரம்

அமெரிக்காவில் சுட்ட கூட்டிலேயே புதிய கேப், மருந்து, குண்டு வைத்துத் தோட்டா செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. அங்குள்ள குண்டு தயாரிப்பு நிறுவனம் ஒன்று 9 மில்லி மீட்டர் தோட்டாவை வைத்துச் சோதனை செய்தது. குண்டை வேண்டுமென்றே 0.76 மில்லி மீட்டர் கூடுதலாக உள்ளே அழுத்தியது.

28 ஆயிரமாக இருந்த அழுத்த அளவு 62 ஆயிரமாகத் தாவியது! இரண்டு மடங்குக்கும் மேல்!

0.76 மில்லி மீட்டர் என்றால் எவ்வளவு? பாங்கியில் பணம் எடுக்கும் அட்டை இருக்கிறதல்லவா? அதன் தடிமன்தான். அந்த ஓர் அட்டையின் தடிமனில் துப்பாக்கியும் தப்பலாம். துப்பாக்கி சிதறி விரலும் போகலாம்.

சின்னக் கணக்கு

ஆழத்தைக் கண்டுபிடிக்கத் தோட்டாவை அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்குப் போதும்.

9 மில்லி மீட்டர் தோட்டாவின் கூடு 19.15 மில்லி மீட்டர் நீளம். குண்டின் நீளம் 15 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 34.15. முடிந்த தோட்டாவின் நீளம் 29.69 மில்லி மீட்டர். கழித்தால் 4.46. அவ்வளவு ஆழம் குண்டு உள்ளே இருக்கிறது.

29.69 என்பது இந்தத் தோட்டா இருக்கக்கூடிய அதிகபட்ச நீளம். எல்லாக் குண்டுக்கும் அதுவே சரியான நீளம் என்று நினைக்கக் கூடாது. குண்டின் மூக்கு கூராக இருக்கலாம், மொட்டையாக இருக்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தயாரிப்பாளரின் கையேட்டில் நீளம் குறித்திருக்கும்.

நீளம் கூடினாலும் தொல்லை உண்டு. குண்டு குழலின் வரிகளில் போய் முட்டும். தோட்டா சரியாக உட்காராது. இதைச் சோதிக்க, கேப்பும் மருந்தும் இல்லாத வெறும் தோட்டா ஒன்றைச் செய்வார்கள். கழற்றிய குழலில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று விழுந்து, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றவேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழவேண்டும்.

குட்டையான தோட்டா

தோட்டா செய்யாதவர்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. காவலுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தினமும் ஒரே தோட்டாவை ஏற்றி இறக்குவது வழக்கம். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு இரும்பில் இடிக்கும். குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டையாகத் தெரியும். அதைச் சுடவே கூடாது, ஒதுக்கிவிட வேண்டும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்ய முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். தோட்டா தயாரிக்கவும் உரிமம் வேண்டும். பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால், கையில் உரிமம் இருக்கிறது என்று பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

மலைக்கிராமங்களில் உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீசார் பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கியில் மருந்து இன்னும் இருக்கலாம். தாத்தா கெட்டித்து வைத்தது பேரன் கையில் வெடிக்கலாம்!

குழந்தைகள் வயலிலோ காட்டிலோ தோட்டாவைக் கண்டால் எடுக்கக் கூடாது. கல்லால் தட்டக் கூடாது. பெரியவர்களிடம் சொல்லவேண்டும். பெரியவர்கள் போலீசாரிடம் சொல்லவேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் மிஞ்சுவதற்கு முக்கால் மில்லி மீட்டர் போதும்.