பெண்ணின் கையில் ஒரு தடுப்பு

விந்தணு கருப்பைக்குள் நுழையாதவாறு வழியை மறிப்பதே தடுப்பு முறைக் கருத்தடை; கருத்தடை மாத்திரையைப் போலன்றி, இது உடலின் ஹார்மோன்களைத் தொடுவதில்லை. பெண்களுக்கான இவ்வகைச் சாதனங்களுள் மருத்துவர்கள் நெடுங்காலம் பரிந்துரைத்தது டயாஃப்ரம் எனப்படும் மெல்லிய ரப்பர் கிண்ணமாகும். இதன் விளிம்புக்குள் வளையும் வில் ஒன்று இருப்பதால், மடித்து யோனிக்குள் செலுத்தியதும் விரிந்து, கருப்பையின் கழுத்துப் பகுதியான கருப்பை வாயை மூடிக்கொள்கிறது. விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும் களிம்பைத் தடவி உறவுக்கு முன்பே பொருத்தி, உறவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் உள்ளேயே விட்டு, 24 மணி நேரத்துக்குள் வெளியே எடுத்துச் சோப்பால் கழுவி உலர்த்த வேண்டும்.

இந்தியாவில் கருத்தடைச் சிந்தனை வேர்கொண்ட நகரங்களுள் ஒன்று பம்பாய். கணிதப் பேராசிரியர் ரகுநாத் தோண்டோ கார்வே 1921இல் அங்கே கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். அந்தத் துணிவுக்கு விலையாகக் கல்லூரிப் பணியை இழந்தும் பின்வாங்காமல், 1927 முதல் ‘சமாஜ ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி இதழை நடத்தினார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தன்வந்தி ராமராவும் கொழும்பில் பிறந்த ஆவாபாய் வாடியாவும் 1949இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை பம்பாயில் உருவாக்க, 1950களில் நாட்டின் நிலையங்கள் பலவற்றில் டயாஃப்ரமும் களிம்பும் வழங்கப்பட்டன.

ஆயினும் டயாஃப்ரம் பரவலாகவில்லை. மருத்துவர் அளவெடுத்துப் பொருத்த வேண்டும் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரே அறையில் முழுக் குடும்பமும் உறங்கி, பொதுக் குழாயையும் பொதுக் கழிப்பிடத்தையும் நம்பி வாழும், பம்பாயின் தாராவி போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில், கழுவி உலர்த்தி மறைவாக வைப்பதற்கு ஒரு பெண்ணுக்கு இடம் ஏது? சாதனம் எளியது, அது எதிர்பார்க்கும் தனிமையும் தண்ணீரும் எளியவையல்ல.

இரு வளையங்களுக்கிடையே நைட்ரைல் உறையைக் கொண்ட பெண்ணுறை, ஒரு முறைக்குப் பின் எறியப்படுவதால் இச்சிக்கலைத் தவிர்ப்பதோடு எச்ஐவி தொற்றிலிருந்தும் காப்பு தருகிறது. ஆனால் இவ்வுறையின் வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் நூறு பெண்களுள் ஏறத்தாழ 21 பேர் கருவுறுகின்றனர். டயாஃப்ரமில் இது 17. இதை மறைக்காமல் சொல்லித் தருவதும் ஆலோசகரின் கடமை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான இந்தியப் பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையையே நம்பியிருந்தனர். அடுத்த குழந்தைக்கு இடைவெளி மட்டும் விரும்பும் இளம்பெண்ணுக்கு நிரந்தரமான அந்த அறுவை பொருந்தாது.