உள்ளான் ஈ: தலைகீழாக அமரும் ஈ

ஐரோப்பாவின் ஈரமான இலையுதிர் காடுகளில், மே முதல் ஆகஸ்ட் வரை மரத்தண்டுகளில் காணப்படும் ஈ இது. தலையைத் தரைநோக்கி வைத்து, முன்னங்கால்களை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்தியபடி அமரும். தொலைவிலிருந்தே இதை அடையாளம் காண இந்த அமர்வு ஒன்றே பெரும்பாலும் போதும். 1758-இல் லின்னேயஸ் இதை விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் ராஜியோ ஸ்கோலோபேசியஸ். பெயரின் பின்பாதி உள்ளான் குடும்பத்துப் பறவை ஒன்றின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

அருகில் பார்த்தால் நீண்ட மெல்லிய கால்கள், பின்னோக்கிக் கூம்பும் வயிறு, பழுப்புத் திட்டுகள் படிந்த இறக்கைகள் தெரியும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் வயிற்றின் நடுவே கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஆணின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடும்; பெண்ணுக்கு இடைவெளி உண்டு. கொள்ளைக்கார ஈ என்று இதைத் தவறாக எண்ணுவோர் பலர். கொள்ளைக்கார ஈயின் தலையுச்சி கண்களுக்கிடையே குழிந்திருக்கும், முகத்தில் தாடிபோல் முடிகள் இருக்கும். உள்ளான் ஈக்கு இவை இரண்டும் இல்லை. பாதத்தின் நுனியில் இதற்கு மூன்று மெத்தைகள் உண்டு. உருப்பெருக்கி இருந்தால் அதையும் சரிபார்க்கலாம்.

வாழ்வின் பெரும்பகுதி கண்ணில் படாமலே கழிகிறது. புழுப்பருவத்தில் ஈரமண்ணிலும் மட்கும் இலைகளுக்கடியிலும் வாழ்ந்து, மண்புழுக்களையும் பிற பூச்சிகளின் புழுக்களையும் வேட்டையாடும். கூட்டுப்புழுப் பருவமும் மண்ணிலேயே.

இந்த ஈயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இதே குடும்பத்தின் சிம்ஃபோரோமையா பேரினத்தில் பல இனங்களின் பெண் ஈக்கள், வட அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில் மனிதரையும் மான்களையும் கடித்து இரத்தம் உறிஞ்சும்.